வாலடியில் துள்ளிய மத்தி

கரையில் வீசும் மீன் தலையும் குடலும் தின்றே அலுத்துப்போன ஒரு சாம்பல் பூனைக்கு, வலையிலிருந்து துள்ளி விழும் மத்தியை ஒரு நாளாவது உயிரோடு கவ்வித் தின்ன வேண்டுமென்று கொள்ளை ஆசை. மீன்பிடிப் படகு கிளம்பத் தயாராக நின்றது. பூனைக்கோ இருப்புக்கொள்ளவில்லை. கடலில் குமட்டிவிட்டால்?

படகோடு தினமும் போய்வரும் காக்கையிடம் ஓடியது. "அண்ணே, வாந்தி வராம இருக்க என்ன செய்யணும்?"

"கொஞ்சமா ஏதாவது தின்னுட்டு வா. தலை சுத்தினா, தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்டைப் பாரு. சரியாப்போயிடும்."

தின்னவும் பயந்து, பட்டினியாகவே ஏறியது பூனை. படகு அசைவதற்குள் அந்தக் கோட்டைக் கண்ணால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. முதுகு மயிர் சிலிர்த்தே நின்றது. நகங்கள் பலகையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தன.

வலை ஏறியது. படகெங்கும் மத்தி.

"தம்பி, உன் வாலடியிலேயே துள்ளுது பாரு!" என்றது காக்கை, வாய் நிறைய மீனோடு.

"பேச்சுக் குடுக்காதீங்கண்ணே, கோடு தவறிடும்!"

"ஏன், தலை சுத்துதா?"

"இன்னும் இல்ல. சுத்திட்டா?"

படகு கரை சேர்ந்தது. மீனெல்லாம் கூடை கூடையாக இறங்கிப் போயிற்று. கடைசியாகக் குதித்த பூனை, மணலில் நாலு சுற்றுச் சுற்றி வந்து மார்தட்டியது.

"பாத்தீங்களாண்ணே! ஒரு தடவைகூட நான் வாந்தி எடுக்கலை!"

காக்கை அலகைப் படகின் விளிம்பில் துடைத்துக்கொண்டது.

"எடுக்கிறதுக்கு உள்ளே என்னடா இருந்துச்சு?"