மீன் கழுவிய தண்ணீர்

மாடியை ஒட்டிய வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஏட்டையாவுக்குப் பயந்துதான் செந்தாமரை ஏழு கஞ்சாச் செடிகளையும் மாடியிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தாள். அவர் காலை நடைக்குக் கிளம்பியதும், ஒவ்வொரு தொட்டியாகப் பழஞ்சேலை போர்த்தி, பிள்ளையைப் போல இடுப்பில் வைத்து இறக்கினாள். படுக்கையறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, கட்டில் கிடந்த இடத்துக்கு நேர்மேலே பெரிய விளக்கைத் தொங்கவிட்டாள். கதவைச் சாத்தியதும் அறையெங்கும் மீன் கவிச்சி அடித்தது. அவள் மீன் வாங்கி மாதக்கணக்காகிறது. குனிந்து தொட்டி மண்ணைக் கிளறினாள். விரலில் ஒட்டிய செதில் ஒன்று விளக்கொளியில் மினுங்கியது.

நான்காம் நாள் காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், வாளியோடு ஏட்டையா. வாளித் தண்ணீரில் செதில்கள் மிதந்தன.

“ஏம்மா, மாடியில இருந்த செடியெல்லாம் எங்க? மீன் கழுவுன தண்ணி மூணு நாளா வீணாப் போவுது.”

“எந்தச் செடிங்கய்யா?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. மூடியிருந்த படுக்கையறைக் கதவின் அடியில் கோடாகக் கசிந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூக்கிற நேரத்துல இடம் மாத்துனா ஏங்கிப்போவும்மா” என்றார்.

பிறகு வாளியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றினார்.