வீட்டுக்கொரு வினைமுற்று

செய்தியை இயந்திரமே எழுதிவிடும். எந்தக் கட்சிக்காரர் வீட்டுக்கு எந்த வினைமுற்று என்று கடைசிச் சொல்லைப் போடுவதுதான் தொலைக்காட்சியில் மாசிலாமணியின் உத்தியோகம். அமைச்சர் பேசினால் ஆளுங்கட்சி வீடுகளில் ‘முழங்கினார்’, எதிர்க்கட்சி வீடுகளில் ‘உளறினார்’. வெறும் ‘கூறினார்’ போட்டுப் பத்து வருஷம் இருக்கும்.

அன்று குடத்தோடு அமைச்சரை மறித்தது மாசிலாமணியின் மனைவி கோதை. மனுஷன் வழக்கம்போல ஆளுங்கட்சிக்குக் ‘கூச்சலிட்டார்’, எதிர்க்கட்சிக்கு ‘வெளுத்து வாங்கினார்’ என்று போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

“மேல் வீட்டு டிவிலயும் பாத்தேன், கீழ் வீட்டு டிவிலயும் பாத்தேன். குழாய்த் தண்ணில புழு வருதுன்னு நான் சொன்னது எங்கேயுமே இல்லையேங்க?” என்றாள் கோதை.

“அது வினைமுற்று இல்லையேம்மா. எங்க செக்‌ஷன்ல வராது.”

அவள் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் முன்னால் வைத்தாள். உள்ளே புழு நெளிந்தது. எவ்வளவு யோசித்தும் அதற்கு வேறு வினைமுற்று அவருக்கு அகப்படவில்லை.