சாலையைப் பார்க்கும் வண்டி

ஒரு கடையில் இரண்டு குழந்தை வண்டிகள் அருகருகே நின்றன. பெரியதில் உட்காரும் குழந்தை எதிரே உள்ள சாலையைப் பார்க்கும். சின்னதில் உட்காரும் குழந்தை, தள்ளுகிறவர் முகத்தைப் பார்க்கும்.

தினமும் காலையில் சேர்ந்து ஓடுகிற ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு வந்தார்கள். கணவன் பெரிய வண்டியைக் கடைக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தான்.

“பொடியா, உன் சக்கரம் ஒரு வேகத்தடையைத் தாண்டுமா?” என்று பெரியது சிரித்தது.

“தாண்டாதுண்ணே,” என்றது சின்னது.

பெரியதையே வாங்கிப் போனார்கள்.

ஒரு வருடம் கழித்து டயர் மாற்ற வந்தார்கள். சின்ன வண்டி இன்னும் விற்காமல் நின்றது.

“ஓட்டமெல்லாம் எப்படிண்ணே?”

“பறக்கிறோம்டா! ‘அப்பா கூட்டிட்டுப் போறாரு பாரு’ன்னு அம்மா பக்கத்தில் ஓடிக்கிட்டே சொல்லுவாங்க. குழந்தை உடனே என் கம்பியைக் கட்டிப் பிடிச்சுக்கும்.”

“வண்டி பிரமாதம். இவன்தான் இன்னும் ஒரு வார்த்தை பேசலை,” என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டே கணவன் குழந்தையைத் தூக்கினான். கடைக்காரர் வண்டியை உள்ளே தள்ளினார்.

குழந்தை வீறிட்டது. இரண்டு கைகளையும் வண்டியை நோக்கி நீட்டி, “அப்பா! அப்பா!” என்று கத்தியது.

மனைவியின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

“அப்பா இங்கே இருக்கேன்டா,” என்று கணவன் அதன் முகத்தைத் திருப்பினான். அது திமிறி, மறுபடியும் வண்டியையே பார்த்து அழுதது.

“என்னண்ணே இது?” என்றது சின்ன வண்டி.

பெரிய வண்டி சொன்னது:

“சத்தியமா நான் சொல்லிக்கொடுக்கலைடா.”