பல் டாக்டர் சொன்ன நல்ல சேதி

மகளை வாய் திறக்க வைப்பதற்குள் அவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் அவரே படுத்து, மகளைத் தன்மேல் கிடத்தி, இரண்டு கையாலும் அவள் தாடையைப் பிடித்திருந்தார். பதின்மூன்று வயதுப் பெண். தலை நிற்காது, கை எதையும் பற்றாது, பேச்சும் கிடையாது. எச்சில் உறிஞ்சும் குழாய் கொர்ரென்று சத்தம் போட்டபோது மட்டும் கெக்கெக்கென்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் ஈறு முழுக்கத் தெரிந்தது. செக்கச் சிவந்து, பல்லுக்குப் பல் உப்பியிருந்தது.

ஒரு மாதமாகவே பிரஷ்ஷில் ரத்தம்.

தப்பு தன் கையில்தான் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடம் ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன கை. மனைவி இருந்தவரை பல் தேய்ப்பது, குளிப்பாட்டுவது, உடுத்துவது எல்லாம் அவள் பாடு. அவள் செத்து நான்கு வருடமாக அத்தனையும் இந்தக் கைதான். போன வாரம் துணியை விரலில் சுற்றித் தேய்த்துப் பார்த்தார். துணியும் சிவந்தது. பயந்துபோய் இரண்டு நாள் தேய்க்காமலே விட்டார். வீக்கம் கூடியதுதான் மிச்சம்.

“நான்தான் முரட்டுத்தனமா தேய்ச்சுட்டேன் போல, டாக்டர்.”

டாக்டர் சின்ன வயதுப் பெண். மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சிரித்தாள்.

“உங்க கை மேல பழி போடாதீங்க. வயசுக்கு வரப் போற உடம்பு இது. இந்தச் சமயத்துல ஈறுக்கு ரத்தம் அதிகமா ஓடும், வாயில இருக்குற கிருமிக்கும் கொண்டாட்டம். கொஞ்சம் அழுக்கு தங்கினாலே வீங்கிடும். எல்லாப் பிள்ளைங்களுக்கும் வர்றதுதான்.”

எல்லாப் பிள்ளைகளுக்கும்.

இந்த ஒரு வார்த்தைக்காக அவர் எத்தனை டாக்டர் வாசலில் தவம் கிடந்திருப்பார். தவழ்வது, நடப்பது, அப்பா என்று கூப்பிடுவது, எதுவும் இவளுக்கு வரவில்லை. வந்தது இது ஒன்றுதான்.

மகளின் வாயோரத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“இதை நிறுத்த ஏதாவது மருந்து இருக்கா?”

“மருந்தெல்லாம் வேணாம். சாஃப்ட்டான பிரஷ்ஷா வாங்கி ரெண்டு வேளையும் விடாம தேய்ங்க, ரத்தம் நின்னுடும்.”

அவர் கேட்டது ரத்தத்தைப் பற்றி அல்ல, வயசுக்கு வருவதைப் பற்றி.

டாக்டர் மகளின் கன்னத்தைச் செல்லமாகத் தட்டினாள். “பல்லு ஒவ்வொண்ணும் கல்லு மாதிரி இருக்கு. எழுபது வயசுலயும் இதே பல்லோட சிரிப்பா பாருங்க.”

அவருக்கு இப்போதே ஐம்பத்தெட்டு. போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார், பத்து வயதைத் தாண்டுவது கஷ்டம் என்று. அன்று புருஷனும் பெண்டாட்டியும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்கள். மனைவி போனபிறகு, வேறு நாதியில்லாத அந்த வீட்டில், அவரைத் தூங்க வைத்ததே அதே வார்த்தைதான். எப்படியும் இவளை அனுப்பிவிட்டுத்தான் நாம் போவோம். பத்து போய், பதினொன்று, பன்னிரண்டு போனபோதும் அந்த நம்பிக்கையை அவர் விட்டுவிடவில்லை. வெளியே யாரிடமும் சொல்லக்கூடிய நம்பிக்கையா அது.

“சந்தோஷம், டாக்டர்” என்றார்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க இரண்டு மாடி இறங்கினார். கீழே மருந்துக்கடையில் பிரஷ் கேட்டார். கடைக்காரப் பெண் குனிந்து தேடிக்கொண்டே கேட்டாள்.

“குழந்தைங்களுக்கா, பெரியவங்களுக்கா?”

தோளில் மகளின் மூச்சு சீராக ஓடிக்கொண்டிருந்தது. தூங்கிவிட்டிருந்தாள்.

“பெரியவங்களுக்கு” என்றார்.