கனடாவுக்குப் போன கழுதை

கழுதைக்கு விசா கிடைத்துவிட்டது என்று கிறகரி சொன்னதும், மனைவி மாக்கிறட் வெட்டிக்கொண்டிருந்த மீனைச் சட்டிக்குள் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

மன்னார்த் தெருவெல்லாம் திரிகிற கழுதைகளில் ஒன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கனடாப் பனிக்குள் நிற்கிற படம். கீழே, 'மன்னாரார் ஒருவர் பத்திரமாக வந்து சேர்ந்தார்' என்று எழுதியிருக்கிறது. நம்மட மகன் எட்வேட்தான் அனுப்பியிருக்கிறான் என்றார் கிறகரி.

எட்வேட் அனுப்பவில்லை.

அவனோடு படித்த பெடியன் ஒருவன் கனடாவிலிருந்து அவனுக்கு அனுப்பியது. மகனுடைய ஈமெயிலை மன்னார் ரவுனில் இன்டர்நெட் கடை வைத்திருக்கிற பெட்டைதான் திறந்து கிறகரிக்கு வாசித்துக் காட்டுவாள். பாஸ்வேர்ட் வேறென்ன, தங்கட வள்ளத்தின் பெயர்தான்.

எட்வேட் புரட்டாதியில் இராமேஸ்வரத்துக்குப் போட் ஏறினவன். ஆமியின் ரவுண்டப்பில் பிடிபடுகிறதிலும் பார்க்க அது நல்லதென்று தாயும் தகப்பனும் சேர்ந்துதான் அனுப்பினார்கள்.

போட் கவிழ்ந்துவிட்டது. தப்பி வந்த சின்னராசா கடற்கரையில் வைத்துக் கிறகரியிடம் சொன்னான். எட்வேட் தன் கண்ணுக்கு முன்னால்தான் தண்ணிக்குள் தாண்டுபோனான் என்றான்.

கிறகரி வீட்டுக்கு வந்து, மகன் கரை சேர்ந்துவிட்டான், ஈமெயில் போட்டிருக்கிறான் என்று சொன்னார். வேறென்ன செய்வார் மனுசன்? மாக்கிறட்டுக்கு இருதய வருத்தம். பெற்றது ஒன்றே ஒன்று.

ஒருநாள் மகனுடைய ஈமெயிலுக்கு அந்தோனியார் படம் ஒன்று வந்தது. பத்துப் பேருக்கு அனுப்பினால் தொலைந்தது கிடைக்குமாம். விசர்க்கதை என்று கிறகரிக்குத் தெரியும். தெரிந்தும், அனுப்பிவிடு பிள்ளை என்று கடைப் பெட்டையிடம் சொன்னார்.

அது எட்வேட்டின் பெயரில் போயிற்று. மச்சான், நீ இருக்கிறாயா என்று பெடியள் துள்ளிக்கொண்டு எழுதினார்கள். அதற்குப் பிறகு வந்து குவியத் தொடங்கியது. பகிடி, பழைய பள்ளிக்கூடப் படம், பிறந்தநாள் வாழ்த்து, பூனை மத்தளம் அடிக்கிற கூத்து, நடுவில் வன்னியில் செத்துக் கிடக்கிற சனங்களின் படங்கள்.

செத்தவர்களைக் கடையிலேயே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிறகரி வீட்டுக்குக் கொண்டுவந்தார். வள்ளத்தில் வாயே திறக்காத மனுசன், குசினி வாசலில் நின்று பூனை மாதிரி மத்தளம் அடித்துக் காட்டினார். மாக்கிறட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இன்றைக்குக் கழுதைக்குப் பிறகு இன்னொன்று இருந்தது. எட்வேட்டின் படம், மேலே சிலுவை, கீழே மெழுகுதிரி. எட்வேட் செத்ததை ஆரோ பெடியளுக்குச் சொல்லிப்போட்டார்கள். கடைப் பெட்டை அதை வாசிக்காமல் அழுதாள்.

இனி எட்வேட்டுக்கு ஒருத்தரும் பகிடி அனுப்பப்போவதில்லை. நாளைக்கு மாக்கிறட்டுக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன் என்று நினைத்து நினைத்துத்தான் கிறகரி சைக்கிள் மிதித்து வந்தார்.

மாக்கிறட் சிரித்து முடித்தாள். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். வேறு நாட்களில் அவரும் சேர்ந்து சிரிப்பார். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

பிறகு கத்தியை மெல்லக் கீழே வைத்தாள்.

"இஞ்சருங்கோ, இனி ரவுனுக்கு அலையாதேங்கோ. சின்னராசா தப்பி வந்த அண்டைக்கு முதல் இஞ்ச வீட்டுக்குத்தான் வந்தவன். 'அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வராது, நீயே போய்ச் சொல்லு தம்பி' எண்டு, நான்தான் அவனைக் கடற்கரைக்கு அனுப்பினனான்."