வண்டி நிறையப் பானைகள்

மீன் இலாகா அதிகாரி வருகிறார் என்றதும் மணியக்காரர் செல்வநாதன் ஊரையே ஏரியில் இறக்கினார். இரண்டே நாளில் கோரையும் பாசியும் கரையேறின. தண்ணீர் கண்ணாடியாய் மின்னியது.

"உடையார்பாளையம் பக்கத்து ஏரியில எல்லாம் மீனே அத்துப்போச்சாம். சர்க்காரு குஞ்சு விடுதாம்" என்றார் மனைவி மதலேனம்மாளிடம்.

"நம்ம ஏரியிலதான் துள்ளுதே?"

"இன்னுங் கொஞ்சம் துள்ளட்டுமே!"

பெட்ரோல் ரேஷன் காலம். அதிகாரி மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். வண்டி நிறைய மண்பானைகள்.

"ஏரியில விட்டுடலாங்களா சார்?" என்று செல்வநாதன் ஒரு பானையைத் தூக்கினார். அது காலியாக இருந்தது.

அதிகாரி ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன மாசம் நான் பாத்தப்ப இருந்த கோரை எங்கங்க?"

"நீங்க வரீங்கன்னு வாரிப் போட்டுட்டோம் சார்."

"மத்த ஏரியில எல்லாம் ஓயாம வலை போட்டு அழிச்சிட்டாங்க. இங்க மட்டும்தான் கோரைக்குள்ள விரால் குஞ்சு பொரிச்சிருந்துச்சு. அதைப் புடிச்சு அங்கெல்லாம் விடலாம்னுதான் வந்தேன்."

"ஒரு பானைக்காவது தேறுமா சார்?"

மதலேனம்மாள் கரையில் குவிந்திருந்த கோரையைப் புரட்டினாள். உள்ளே, சிவப்புச் சிவப்பாய்க் குஞ்சுகள் பாசியோடு காய்ந்து ஒட்டியிருந்தன.