ஆளுக்கு ஏற்ற போஸ்டர்

போஸ்டர் செய்யும் மென்பொருளில் 'பார்ப்பவருக்கு ஏற்றபடி' என்ற பொத்தானை அழுத்தித் தொலைத்தது நான்தான். மேலத்தெருக் கிணற்றில் ஃபுளோரைடு அதிகம், பிள்ளைகளின் பல் பழுப்பேறுகிறது என்பது என் ஆராய்ச்சி. ஆனால் கருத்தரங்கில் திரையில் ஓடிய என் போஸ்டர், முன்னால் நிற்பவரைப் பார்த்துப் பார்த்து மாறியது. பாட்டில் தண்ணீர் கம்பெனிக்காரர் நின்றால், ஊர்க் கிணறெல்லாம் விஷம் என்றது. அந்தக் கிணற்றுக்குப் பொறுப்பான என்ஜினியர் கனகசபாபதி நின்றால், தண்ணீர் அமிர்தம் என்றது. நான் நின்றால், என் போட்டோவைப் பாதி போஸ்டருக்குக் காட்டியது.

"பிரமாதம் தம்பி!" என்று என்ஜினியர் கைகுலுக்கினார்.

"பிரிட்டோ, பரிசு உனக்குத்தான். இனி அதுல கை வைக்காதே" என்றார் என் கைடு ஜெசிந்தா மேடம்.

அங்கன்வாடிப் பிள்ளைகள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். மதியச் சாப்பாட்டுப் பிரியாணியைத் தியாகம் செய்துவிட்டு லேப்டாப்போடு உட்கார்ந்தேன். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, பழுப்புப் பற்களின் படம் ஒன்று. மாறும் வசதியை அணைத்தேன்.

"இதை யாரும் பாராட்ட மாட்டார்கள். பரவாயில்லையா?" என்று மென்பொருள் விடாமல் கேட்டது. பி.எச்டி சேரும்போது இப்படி யாராவது எச்சரித்திருக்கலாம். பரவாயில்லை என்று அழுத்தினேன்.

என்ஜினியரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினேன். வாசிக்க வாசிக்க அவர் முகம் சுருங்கியது.

"எப்படி சார் இருக்கு?"

"பிடிக்கலை தம்பி" என்றார். "கிணத்தை நாளைக்கே மூடிடறேன்."